துருக்கி விளக்கில் ஒட்டிய அம்புக்குறி

என் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பீஸை உள்ளும் புறமும் திருப்பி, டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறதோ எங்கே ஓட்டை விழுந்திருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். பழுதில்லாத பீஸ் பாஸ். சரி செய்ய முடிந்தது ஆல்ட்ரேஷன். எதற்கும் ஆகாதது ரிஜெக்ட்.

இந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நின்றுவிடவில்லை. அவள் கைப்பையில் எப்போதும் ஸ்டிக்கர் தாள் ஒன்று கிடக்கும். காலர் நைந்த என் சட்டையில் அம்புக்குறி. கோணலாக மாட்டிய காலண்டருக்குப் பக்கத்தில் அம்புக்குறி. ஒருமுறை மகளின் கணக்குப் பரீட்சைத் தாளிலும் ஒட்டிவிட்டாள். தெரியாமல் அதோடு பள்ளிக்கூடம் போய்விட்டு வந்த பிள்ளை அன்று எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை. நான் என்ன பாவம் செய்தேன் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

நான் திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவன். சாயம் ஏறி வந்த துணித்துண்டை, துணி வாங்கும் பையர் அனுப்பிய மாதிரித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, லைட் பாக்ஸில் ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதற்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் அது சொல்லி முடித்த பிறகு முதலாளி என் முகத்தைத்தான் பார்ப்பார். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்றால் பொய்.

அந்த வருஷம் அந்தக் கர்வம் ஆட்டம் கண்டது. நேவி என்கிற கருநீலமும் கறுப்பும் எனக்கு ஒன்றுபோலத் தெரிந்தன. வெள்ளைத் துணி பழுப்பேறியிருப்பதாகப் பட்டது. பல்பு பழசாகிவிட்டது என்று லைட் பாக்ஸைத் திட்டினேன். புது பல்பு போட்டும் அப்படியேதான் இருந்தது. கண் போனால் என் வேலையும் போச்சு, வேறு தொழிலும் எனக்குத் தெரியாது. பயத்தில் வீட்டில் மூச்சு விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் துருக்கி விளக்கு செய்யும் வகுப்புக்கு மகள் எங்களை இழுத்துக்கொண்டு போனாள். கணவரின் வேலைக்காகத் துருக்கியில் சில வருஷம் இருந்துவிட்டுத் திருப்பூருக்கே திரும்பிவந்த ஒரு அம்மா, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நடத்தினார். குடும்பத்துக்கு ஒரு மேஜை, ஒரு கண்ணாடி உருண்டை, ஒரு டப்பா பசை. சாம்பார் வாசனை போகாத மேஜையில் கண்ணாடிச் சில்லுகள் தட்டுத் தட்டாகப் பரப்பியிருந்தன. உருண்டையின் மேல் பசை தடவிச் சில்லுகளை ஒட்ட வேண்டும், இடுக்குகளில் மணிகளை நிரப்ப வேண்டும். காய்ந்ததும் வெள்ளைப் பூச்சை இழுத்துப் பூசி ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டால், உள்ளே பல்பு எரியும்போது பூப்பூவாகத் தெரியுமாம்.

நான் சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவன் என்று கேட்டதும் அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்பக் கலர் பத்திக் கவலையே இல்லீங்க. சார் பாத்துக்குவாரு" என்றார்.

மகள் புரொடக்ஷன் மேனேஜர்போல வேலையைப் பிரித்தாள். "அப்பா கலர் எடுத்துக் குடுங்க. நான் ஒட்டறேன். அம்மா பாத்துட்டு மட்டும் இருக்கட்டும்."

"சும்மா பாக்கற வேலைன்னா அத்தன லேசா போச்சா உனக்கு?" என்றாள் மனைவி.

மேலே மஞ்சள் பூக்கள் வேகமாக ஏறின. அதில் எனக்குச் சிரமமில்லை. நடுவில் உருண்டையைச் சுற்றி நேவியில் ஒரு வளையம் வேண்டும் என்றாள் மகள். நீல வகையெல்லாம் ஒரே தட்டில் கலந்து கிடந்தது. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

"இது வேற மாதிரி இருக்குதுங்கப்பா" என்று ஒரு சில்லை நீட்டினாள்.

"ஒட்டு கண்ணு. உங்கப்பனுக்கே கலர் சொல்லித் தர்றியா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி அந்தச் சில்லை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் மகளிடமே கொடுத்துவிட்டாள். குறை கண்ட இடத்தில் அவள் வாய் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பூச்சுக் காய்ந்து, பித்தளைத் தண்டில் மாட்டி, எரியவிட்டுப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் அது தினமும் நடப்பதுதான். விளக்கை மகள் மடியில் வைத்துக்கொள்ள, மூன்று பேரும் பைக்கில் வீடு வந்து சேர்ந்தோம்.

பொழுது சாய்ந்ததும் டிவி மேஜையின் மேல் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். மகள் கை தட்டினாள். நான் வளையத்தைச் சுற்றிவந்து பார்த்தேன். ஒரே நேவி, ஒரு பிசிறு இல்லை. எனக்கு உயிர் வந்தது.

"ஷேடு பாத்தீங்களா? பாஸ்!" என்றேன்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா விளக்கைப் பார்த்தாள்.

"அப்பா, அங்கங்க ஊதா இருக்குதுங்கப்பா" என்றாள் மகள் மெதுவாக. "நல்லாத்தான் இருக்குது. வேணும்னே வெச்சீங்களா?"

நான் மறுபடி குனிந்து பார்த்தேன். எனக்கு ஊதா தெரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் மறைத்து வைத்தது என் பிள்ளை முன்னாலேயே வெளிச்சம் போட்டு எரிந்துகொண்டிருந்தது.

மனைவி எழுந்து போய்க் கைப்பையைத் திறந்தாள். ஸ்டிக்கர் தாளோடு வந்தாள். விளக்கில் ஒட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முன்னால் உட்கார்ந்து, என் கன்னத்தில், கண்ணைப் பார்த்தாற்போல, ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டி அழுத்தினாள்.

"ரிஜெக்ட் இல்லீங்க, ஆல்ட்ரேஷன்தான்" என்றாள். "நாளைக்கிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம். நானும் லீவு போட்டர்றேன்."

கண்புரை என்றார் டாக்டர். எனக்குச் சர்க்கரை இருந்ததால் கொஞ்சம் முந்திக்கொண்டதாம். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடித்து, அது ஆறியதும் மற்றதைச் செய்தார்கள். முதலாளியிடம் மனைவியே போய்ப் பேசினாள். ஆறட்டும், பொறுத்தே வரட்டும் என்று சொல்லியனுப்பினார். அவர் நல்லவர். ஆனால் திரும்பிப் போய் அந்த லைட் பாக்ஸின் முன்னால் நின்று பிசகினால், நல்லவராலும் என்ன செய்ய முடியும்?

வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், அவள் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்துக்கொண்டு விளக்கைப் போட்டேன். வெள்ளைப் பூச்சு வெளேரென்று இருந்தது. வளையத்தில் அங்கங்கே ஊதா, கத்தரிப்பூ மாதிரி. எப்படித்தான் இது தெரியாமல் போயிற்றோ! தெரிந்த ஊதாவுக்கெல்லாம் ஒவ்வோர் அம்புக்குறியாக ஒட்டினேன். ஒட்டி முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விளக்கைத் தூக்கி, கம்பெனியில் பீஸைத் திருப்புவதுபோல மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பரீட்சை எழுதிய பிள்ளையாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு சுற்று முடித்தாள். நம்பாமல் இன்னொரு சுற்றும் பார்த்தாள்.

"பாஸுங்க" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.