குச்சிக்குப் பக்கத்து மஞ்சள் பூ

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து இரண்டொரு வருடம் இருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கத்தில், பதினேழு வயதில், எனக்குத் தேயிலைத் துரையின் பங்களாத் தோட்டத்தில் வேலை. ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். அட்டைக்கடி கிடையாது, கங்காணியின் ஏச்சும் கிடையாது. அந்தச் சொகுசை விட எனக்கு மனமே இல்லை.

துரையின் மனைவி துரைசாணிக்குக் காட்டுப்பூப் பைத்தியம். தேயிலை நடுவதற்காகத் துப்புரவாக்கிய மலையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பூச்செடியைக் கண்டார். இலை ஒன்று, பூ ஒன்று பறித்துத் தடித்த புத்தகத்துக்குள் அமுக்கி வைத்தார். காயையும் பார்த்தால்தான் இன்ன செடி என்று சொல்ல முடியுமாம். அடையாளத்துக்கு அருகில் ஒரு குச்சியை நட்டார்.

"காய் வர்ற வரைக்கும் நீதான் பாக்கணும். செடி போச்சு, நீயும் புல்லு வெட்டப் போ" என்றார் தன் அரைகுறைத் தமிழில்.

அந்த மலையில் குச்சி நட்டிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இங்கே தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டு. குழி வெட்டும் கூட்டத்தில் இருந்த என் அண்ணன் அதைத்தான் செய்தான். நான் போய்ப் பார்த்தபோது அழகான குழி, செடி எங்கேயோ.

"குச்சி இருந்துச்சு, வெட்டுனேன். பின்ன என்ன, கும்புடவா சொல்ற?" என்றான்.

அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஓடைக்கரையில் அதே மாதிரி மஞ்சள் பூவோடு நின்ற ஒன்றைக் கிளப்பி வந்து, குழியைத் தூர்த்து நட்டேன். என் நல்ல காலம், பிழைத்துக்கொண்டது. காயும் வந்தது.

துரைசாணி ஆசையாக ஒரு கிளையை வெட்டிப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். உள்ளே அமுக்கி வைத்திருந்த பழைய இலையின் நுனி பிளந்திருந்தது. புதியது ஊசி போல் கூர்மை. இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காய் புடிச்சா எலை மாறிருங்க தொரசாணி" என்றேன், கண்ணைக்கூட இமைக்காமல்.

அதை அப்படியே எழுதிக்கொண்டார், பாவம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஓடைப் பக்கம் நடக்கப் போனவர், இன்னும் காயே பிடிக்காமல் பூ மட்டும் பூத்த செடியிலும் கூர் இலையைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி என் பெயரைப் புல்லு வெட்டுக்கு வாசித்தார். எனக்கு அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள், சரிவில், தேயிலைக்கு நடுவே அந்த அசல் வகைச் செடி இன்னொன்று நின்றது. பிளந்த நுனி இலை, மஞ்சள் பூ, கொத்துக் கொத்தாய்க் காய். பிடுங்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடியிருந்தால் என் ரோஜாக்கள் திரும்பக் கிடைத்திருக்கும். எனக்குத் துரைசாணி மேல் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு காயைப் பிளந்து உள்ளே எப்படி இருக்கிறதென்று நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு செடியை வேரோடு பிடுங்கிப் புல்லுக் குவியலில் எறிந்தேன்.