காவல்காரி நடக்கிறாள்

பிளசன்டனில் உள்ள திருடர்களையெல்லாம் வசந்தாமணிக்குத் தெரியும். எந்தத் தெருவில் கார்க் கண்ணாடி உடைந்தது, யார் வாசலில் பார்சல் போனது, நம்மவர் வீட்டு நகைக்கு எவன் குறி வைத்திருக்கிறான், எல்லாம் வாட்ஸப் குழுவின் புண்ணியத்தில் அத்துப்படி. பாவம், திருடர்களுக்குத்தான் அவளைத் தெரியாது.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கடல் கடந்து வந்த பெண். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்தியதே தெரியவில்லை என்று நோயாளிகள் அவளையே கேட்டு வருவார்கள். அவ்வளவு நிதானமான கை, வாசல் கேமரா போனில் 'டிங்' என்றால் வெடவெடக்கும். அணில் ஓடினாலும் டிங், தபால்காரர் வந்தாலும் டிங். சினிமாவுக்குப் போனால் பாதியில் எழுந்துவிடுவாள்.

மகள் வான்மதி கார் விபத்தில் பிழைத்து எழுந்தபோது, தைப்பூசத்துக்குக் கான்கார்டு முருகன் கோயில்வரை நடந்தே வருகிறேன் என்று வசந்தாமணி வேண்டிக்கொண்டாள். வேண்டியதோடு சரி. வருஷா வருஷம் கணவர் நஞ்சுண்டன் நடந்தார், இவள் வீட்டைக் காத்தாள். சாமிக்குச் சொன்ன சொல்லைக் காற்றில் விட்டுத் திருடனுக்குக் காவல் இருந்தால் நன்றாகவா இருக்கிறது?

இந்த வருஷம் வான்மதியே காலேஜிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "அம்மா, யூ ப்ராமிஸ்ட். ஜஸ்ட் கோ."

விடியற்காலையில் கராஜ் முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். நகைப் பெட்டியை அரிசிக்குள் புதைத்தாள். நடை தொடங்கும் இடத்துக்குப் போகக் காரில் ஏறியதும், "திரும்பிப் பாத்தா நீ எறங்கிருவ" என்று நஞ்சுண்டன் கராஜ் கதவு ரிமோட்டை அழுத்திவிட்டுச் சிட்டாய்ப் பறந்தார்.

பாதயாத்திரைக் கூட்டத்தோடு நடை தொடங்கி நாலு சிக்னல் தாண்டியிருப்பார்கள். டிங். கராஜ் கதவு திறந்தே கிடக்கிறது! கோலத்துக்குத் தண்ணீர் தெளித்த வாளி, கதவு இறங்கும் இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. குறுக்கே ஏதாவது இருந்தால் அந்தக் கதவு இறங்காது. போனிலிருந்தே மூட அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ம்ஹூம். பக்கத்து வீட்டாரும் இதே கூட்டத்தில்தான் நடக்கிறார்கள்.

"நான் போயி மூடிட்டு வாரேன், நீ நட" என்றார் நஞ்சுண்டன்.

வசந்தாமணி போனையே பார்த்தாள். இத்தனை வருஷம் கண்கொத்திப் பாம்பாய்க் காத்தாளே, ஊரில் ஒரு திருட்டாவது குறைந்ததா? நசுங்கிய காருக்குள்ளிருந்து வான்மதியை முழுசாய் எடுத்துக் கொடுத்தானே முருகன், அவன் எந்தக் கேமராவைப் பார்த்துக் கொடுத்தான்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருடன்மேல் இல்லை, தன்மேல்.

"வேண்டாமுங்க. கெடுக்கறவன் கெடுத்துட்டுத்தான் இருப்பான். அவனைக் கவனிக்கறது நம்ம வேலையில்லீங்க, முருகன் வேலை. அத அவன் பாக்கட்டும். நம்ம வேலை நடக்கறது. வாங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

அப்புறம் பிடித்தாள் பாருங்கள் ஒரு நடை! தூறல் விழுந்தது, குதிகாலில் கொப்புளம் கண்டது, எதற்கும் அசையவில்லை. பின்வரிசையில் ஒட்டிக்கொண்டு வந்தவள் மதியத்துக்குள் முன்வரிசைக்குப் போய்விட்டாள். "வேல் வேல்" என்று யாராவது எடுத்துக் கொடுத்தால், "வெற்றிவேல்" என்று இவள் போட்ட சத்தத்தில் சிக்னலில் நின்ற கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். நஞ்சுண்டன் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

சன்னதியில் திரை விலகியது. எப்போதும் அவளுக்குக் கேட்க நிறைய இருக்கும். அதைக் காப்பாத்து, இதைக் காப்பாத்து என்று. கன்னத்தில் கண்ணீர் ஓட நின்றவளுக்கு இன்றைக்கு ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை.

"வந்துட்டேன் முருகா" என்றாள். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நஞ்சுண்டன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "போனை ஆன் பண்ணிப் பாக்கலாமா?"

"மொதல்ல சோறுங்க. பசி உசுரு போகுது" என்று அன்னதான வரிசையில் போய் நின்றுகொண்டாள்.