கண் வெட்டும் வரை பலகை

எங்கள் வீட்டில் மரத்தை வெட்டுவது அவர், வார்னிஷ் பூசுவது நான். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். முட்டி வலி வந்து வண்டியை விட்ட பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. நூல் போன்ற பிளேடு மேலும் கீழும் ஓடும் சின்ன ரம்ப மெஷின் ஒன்றை வாங்கி, பலகையில் பூவும் கொடியும் மயிலுமாகத் துளைத்தெடுக்க ஆரம்பித்தார். துளை துளையாக இருக்கும் அந்த வேலைக்கு மெருகு கொடுப்பது லேசில்லை. பிரஷ்ஷால் பூசினால் மேலே பளபளக்கும், உள் ஓரங்களில் ஏறாது. கொஞ்சம் கூடப் பூசினாலோ சின்னத் துளைகளையெல்லாம் வார்னிஷ் அடைத்துக்கொள்ளும். மயில் தோகையை ஊசியால் நோண்டியே என் மதியங்கள் போயிருக்கின்றன.

போன தை மாதம் மகள் சொந்த வீட்டுக்குக் குடி போக இருந்தாள். பூஜை அறைக்குக் கடையில் வாங்கும் படம் வேண்டாம், அப்பா கையால் வெட்டிய கமலக்கண்ணி அம்மன்தான் வேண்டும் என்று கேட்டாள். அவள் என் வயிற்றில் இருந்தபோது செஞ்சிக் கோட்டை மலையேறி நான் வேண்டிக்கொண்டதும் அந்தத் தாயிடம்தான். மகள் உட்கார்ந்து படித்த மேசையின் தேக்குப் பலகையையே இதற்காக மெல்லிசாக அறுத்து வாங்கிவந்தார். கெட்டுப்போனால் இன்னொன்று கிடையாது.

தாயின் தலைக்குப் பின்னால் நெருப்புச் சுடர்களாகத் திருவாசி, காதில் தோடு, கழுத்தில் மாலை. எல்லாம் கீரை விதை போகிற அளவுத் துளைகள்.

"இத பிரஷ்ஷால பூசுனா மூஞ்சே அடைச்சிக்கும். டர்பன்டைன் ஊத்தி வார்னிஷ தண்ணியாக்கி, ட்ரேயில அப்படியே முக்கி எடுத்துடலாம்" என்றார்.

"குப்புறப் போட்டா?"

"குப்புறவும் போடணும், மல்லாக்கவும் போடணும்."

"இன்னாங்க பேசுறீங்க? அம்மா மூஞ்ச வார்னிஷ்ல அமுக்க என்னால ஆவாது."

"புள்ளையார ஏரியில கரைக்கிறாங்களே, அவரு முழுவலயா?"

"அது போய்ட்டு வான்னு வழியனுப்புறது. இவங்க இப்பதான வர்றாங்க!"

அவர் பலகையைத் துணியில் சுற்றி வைத்தார். குடி போகும் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் விளக்கு ஏற்றும்போது திடீரென்று தோன்றியது. சிலை செய்கிறவர்கள் கண் திறப்பதைக் கடைசியாகத்தானே வைத்துக்கொள்கிறார்கள்?

"ஏங்க, கண்ணு வெட்டிட்டீங்களா?"

"இல்ல. பொடிசு வேலைன்னு கடைசிக்கு வச்சிருக்கேன்."

"அப்ப இது இன்னும் பலகைதான். முக்கிடலாம்."

"மெருகு போட்ட பொறவு வெட்டி, ஓரம் பேந்துச்சின்னா? பலகைக்கு எங்க போவேன்?"

"செஞ்சி கடத்தெருவுல அம்மாம்பெரிய பஸ்ஸ ஒடிச்சித் திருப்புனீங்க. ரெண்டு கண்ணு திருப்ப மாட்டீங்களா?"

சிரித்துவிட்டார். அன்றே முக்கினோம். எடுத்ததும் துளைகளில் வார்னிஷ் சவ்வு போலப் படர்ந்து நின்றது. ஜூஸ் குடிக்கும் குழாயால் ஒவ்வொன்றாக ஊதி உடைத்தேன். சாமி மேல் எச்சில் படுமே என்ற பயம் அப்போது இல்லை, பலகைதானே. கம்பியில் தொங்கவிட்டுக் காயவைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் காட்டிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ஓரம் பெயராமலிருக்க முகத்தின் மேல் டேப் ஒட்டியிருந்தார். கண்ணின் வெள்ளையை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும், கருமணி மேல் இமையோடு ஒட்டி நிற்க வேண்டும். அது ஒடிந்தால் அவ்வளவுதான். ஒரு கண் நல்லபடி திறந்தது. இரண்டாவது கண் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

"டீ போடு, வந்துடும்" என்று எழப்போனார்.

"தாய ஒத்தக் கண்ணோட வுட்டுட்டு டீயா? உக்காருங்க!"

பிளேடு மாட்டிவிட்டு மெஷின் பக்கத்திலிருக்கும் திருகுக் குமிழை அவர் கையால் சுற்றிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். அதைப் பிடித்துச் சுற்றினேன். பிளேடு மெல்ல ஏறி இறங்கியது. அவர் பலகையை நகர்த்தினார்.

"மெதுவா, மெதுவா. செகண்ட் கியர்லயே போ."

"எனக்கு இன்னா தெரியும் கியரு? நீங்க ரோட்டப் பாருங்க."

அரிசி அளவு துண்டு ஒன்று உதிர்ந்தது. டேப்பை உரித்தார். ஓரம் பெயரவில்லை. கருமணி நின்றது. இரண்டு கண்ணாலும் அம்மா எங்களைப் பார்த்தாள்.

புதிதாக வெட்டிய ஓரம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, மெருகைத் தொட்டு, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மை வைத்த மாதிரியே தீட்டினேன். மெருகு ஓரத்தைத் தாண்டவில்லை. அதுவும் அந்தத் தாயின் அருள்தான்.

"போதும்மா, வழிஞ்சிடப் போவுது" என்றார் காதருகில்.

சுவரில் சாய்த்து வைத்த பிறகுதான் பலகையின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு வார்னிஷ் மணி போல உறைந்து நிற்பது அவர் கண்ணில் பட்டது. உப்புத்தாளை எடுத்துவந்தவர், பலகையில் கை வைத்து, என் முகத்தைப் பார்த்தார். தேய்க்க வேண்டுமானால் குப்புறக் கவிழ்க்க வேண்டும்.

"சொவுரு பக்கந்தான" என்று அவரே சொல்லி, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.