அக்கா வீட்டு முகவரி

எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் யாராவது விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தால் முதல் கேள்வி, "யாரு வூட்டு அட்ரஸ் போட்ற?" என்பதுதான். வியாசர்பாடி என்று எழுதினால் வேலை கிடைப்பது கஷ்டம். ஏரியாப் பெயரைச் சொன்ன பிறகு யாரும் சாதியைக் கேட்கத் தேவையில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவன். துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, மாதவரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டு முகவரியைத்தான் கொடுத்தேன். மகளை ஓட்டப் பயிற்சியில் சேர்த்தபோதும் அதையே எழுதினேன். மகளிடம் கேட்கவில்லை.

நூறு மீட்டரில் மூன்று வருடமாக அவள்தான் மாவட்டத்தில் முதலிடம். எதிர் வீட்டுப் பெண்ணும் அவளும் ஒரே ரிலே குழுவில் ஓடினார்கள். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் சொந்தம் யாரும் இல்லாததால் வியாசர்பாடி என்று உள்ளதையே எழுதியிருந்தார்கள்.

மாநிலப் போட்டிக்கு முன் நடந்த முகாமில் ஒருத்தியின் போன் காணாமல் போனது. பன்னிரண்டு பெண்கள் தங்கியிருந்த அறையில் எதிர் வீட்டுப் பெண்ணின் பையை மட்டும் தரையில் கொட்டிப் பார்த்தார்கள். போன் மறுநாள் வேன் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. ஆனாலும் அவளை ரிலேவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மகள் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"அவ பையக் கொட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன் நைனா. எம் பைய யாரும் தொடல. நான் மாதவரமாம்."

"போட்டி முடியட்டும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

போட்டியன்று கேலரியின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எதிர் வீட்டுப் பெண்ணின் அம்மாவும் வந்திருந்தாள். "இன்னாண்ணே, காலு இப்டி ஆடுது? ஓடப்போறது நீயா, அதுவா?" என்று சிரித்தாள். நூறு மீட்டரில் மகள் முதலாவதாக வந்தபோது அவள்தான் எனக்கும் சேர்த்துக் கத்தினாள்.

மைக்கில் மகளின் பெயரையும் மாதவரத்தையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் மேடையில் ஏறவில்லை. தன் பையை முதலிடத்துப் படியில் வைத்து, உள்ளிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, நாப்கின் பாக்கெட்கூட.

"நானும் வியாசர்பாடிதான் சார். அவ பையப் பாத்தீங்களே, எம் பையயும் பாருங்க."

மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. எனக்கு முன்னால் இருந்தவன், "சீன் போடுதுபா" என்றான். மெடல் கொடுக்க வந்த அதிகாரி கேட்டார்: "அப்போ அட்ரஸ் பொய்யா? யார் எழுதினது?"

அவள் கேலரியைப் பார்த்தாள். அவ்வளவு கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"எந்திரிண்ணே. நான்தான் எழுதுனேன்னு சொல்லு. உன்னியதான் பாக்குது" என்று எதிர் வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினாள்.

என் வேலையும் அதே முகவரியில் இருக்கிறது என்று அப்போது நினைத்ததாகப் பிறகு பலரிடம் சொன்னேன். அது உண்மையில்லை. எழுந்தால் அத்தனை தலைகளும் திரும்புமே என்றுதான் பயந்தேன். கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சோறு கேட்கக்கூட எனக்கு வாய் வராது. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார் எழுதுனேன்" என்று மகளின் குரல் மைக்கில் கேட்டது.

அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மெடல் இல்லை. பொய் விவரம் கொடுத்ததற்காக இரண்டு வருடம் ஓடக் கூடாது என்றார்கள். பையைத் தேடியவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போட்டி நடத்தியவர்களின் அலுவலகத்துக்குப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "பொண்ணே ஒத்துக்கிட்டிருக்கு. இப்ப வந்து சொன்னா எப்படிங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். தலை வாரிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"நீயா பேசுன நைனா?"

"ஆமாம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"ரூம்ல எத்தினி பேர் இருந்தாங்க?"

"ஒருத்தர்தான்" என்றேன்.

அவள் மறுபடியும் தலை வாரத் தொடங்கினாள்.