திருப்பிச் சொல்லச் சொன்ன பாட்டு

மைக் செத்துப்போன பிறகும் மதினியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். மேடை ஓரத்தில், மைக் செட்காரரின் பெட்டிக்குப் பக்கத்தில், இலக்கிய மன்றத்துச் செயலாளர் குனிந்து நின்றார். சத்தத்தை அடக்கிய கையை அவர் இன்னும் எடுக்கவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. பார்த்தால் யாருக்கும் கும்பிடத் தோன்றும். அந்தக் காட்சி நினைவுக்கு வரும்போதெல்லாம் என் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. சில வருடம் ஆகிவிட்டது. ஆறிப்போகும் என்று சொன்னார்கள். ஆறவில்லை.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. வத்தலக்குண்டுப் பக்கம் மல்லிகை போடும் குடும்பத்துப் பெண். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே நூல் மில்லுக்கு வேலைக்குப் போனார். விடியுமுன் மில் வேன் தெருமுனைக்கு வரும். தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முதல் நாள் பஞ்சு இன்னும் புருவத்தில் ஒட்டியிருக்க, அதில் ஏறிப் போவார். எனக்குப் பேகம்பூர் போகும் வழியில் செல்போன் பழுது பார்க்கும் கடை. வேலை நேரத்தில் ராப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை ரிப்பேருக்குக் கொண்டுவந்த மதினி, ஸ்டூலில் உட்கார்ந்து செத்த நேரம் அதைக் கேட்டார். "என்னப்பு இவன், எங்கூர்ல கொழாயடியில சண்ட போடுறமாரியே பேசுறான்?" என்றார். பிறகு தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆனா தாளம் தப்பல" என்றார். ராப்பைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடச் சரியான ஒன்று இன்றுவரை இல்லை.

அதற்குப் பிறகு அவரே பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். எழுதும் பழக்கம் கிடையாது. எல்லாம் மெஷின் முன்னால் நின்றபடி வாயில் கட்டுவதுதான். மில்லுக்குள் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அந்த இரைச்சலையே மதினி தாளமாக வைத்துக்கொண்டார். ஒருமுறை சூப்பர்வைசரை அவர் முகத்துக்கு நேராகவே பாட்டில் திட்டியிருக்கிறார். உதடு படிக்கத் தெரியாத அந்த மனிதர் சிரித்துத் தலையாட்டி, "சாப்டியாம்மா?" என்று சைகையில் கேட்டுவிட்டுப் போனாராம். இதை வீட்டில் நடித்துக் காட்டும்போது அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறும். சாயங்காலம் வேனில் திரும்பும்போது தூக்குச் சட்டி மூடியில் தட்டிக்கொண்டு பாடுவார். பெண்கள் தொடையில் தாளம் போடுவார்கள். தண்ணீர் வராத ஹாஸ்டல், வெஞ்சனமில்லாத சாப்பாடு, பொண்ணு பார்க்க வந்தவன் கேட்ட கேள்வி என்று எல்லாமே பாட்டுக்குள் வரும். ஒரு வரியின் தலையும் அடுத்த வரியின் தலையும் தானாக முட்டிக்கொள்ளும். எதுகை, மோனை என்ற பெயரெல்லாம் அவருக்குத் தெரியும், பத்தாம் வகுப்புவரை படித்தவர்தான். பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

மில் ஹாஸ்டலில் பாலசமுத்திரத்துப் பிள்ளை ஒன்று இருந்தது. பழனிப் பக்கத்துப் பேச்சு, வாய்க்கு வாய் 'ங்க' போடும். மதினியோடு ரொம்ப ஒட்டுதல். ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து, மதினி கையால் சாப்பிட்டுப் போகும். பஞ்சைச் சீவும் மெஷினில் அதற்கு வேலை. மெஷினை நிறுத்தித்தான் துடைக்க வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். நிறுத்தினால் உற்பத்தி குறைகிறது என்று திட்டுவதும் அதே சுவருக்குக் கீழே நின்றுதான். ஓடும் மெஷினைத் துடைத்தபோது வலது கை பல்சக்கரத்தில் மாட்டியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே, ஹாஸ்டல் கதவில் கை நசுங்கிவிட்டது என்று சொல்லும்படி அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கூட இருந்த பெண்களுக்கும் அதே பாடம்தான். மெஷின் மேல் பழி வந்தால் மில்லை மூடிவிடுவார்கள், எல்லார் பிழைப்பும் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். அவரவர் வீட்டில் அவரவர் கஷ்டம். எல்லாரும் கதவு என்றே சொன்னார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தது. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்திருந்தது. மதினி இலை போட்டார். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அது தலை நிமிராமல் கேட்டது: "ஏனுங்க அக்கா, எடது கையில சாப்ட்டா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீங்களே?" மதினி சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஒரு பிள்ளை விருந்துப் பந்தியில் உட்காரக் கூச்சப்படும்படி அதன் கையைத் தின்றுவிட்டுக் கதவைக் கைகாட்டியவர்களை என்ன செய்தால் தகும்? அன்றைக்கு எழுந்த கேள்வி அது. பிள்ளை போன பிறகு மதினி பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னார், "எல்லாரு காதுலயும் விழுறமாரி ஒருக்க சொல்லிப்புடணும் அப்பு. ஒரே ஒருக்க." அதற்கப்புறம் அவருக்கு வேறு ஆசையே இல்லை என்பது போலத்தான் இருந்தார்.

அந்த வருடம் இலக்கிய மன்றத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் கவியரங்கம் வைத்தார்கள். தலைப்பு, உழைப்பே உயர்வு. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். மதினி கொடுத்தார். விழாச் செலவு மில் முதலாளியுடையது என்பது மண்டபத்து வாசலில் இருந்த பேனரைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதல் வரிசையில், துண்டு விரித்த சோபாவில், அவரே உட்கார்ந்திருந்தார். நான் மதினியைப் பார்த்தேன். "நல்லதாப் போச்சு" என்றார்.

கவியரங்கம் எப்படி நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கவிஞர் ஒரு வரியைச் சொல்வார். சொல்லிவிட்டு நிறுத்துவார். தலைவர் "ஆகா" என்பார். கூட்டம் கை தட்டும். கவிஞர் அதே வரியை இன்னும் இழுத்துத் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பது பெரிய மரியாதை. அன்றைக்கும் வியர்வை முத்தானது, உழைப்பு வைரமானது. எல்லாம் இரண்டு இரண்டு தடவை. தலைவர் பேர் பெற்ற கவிஞர். பெயருக்கு முன்னால் பட்டங்கள் வேன் கூட்டம் போல நெருக்கியடித்து நிற்கும். அறம் பாடி அரசனையே அழித்த பழைய புலவர்களைப் பற்றி அவர் பேசினால் மண்டபமே சிலிர்க்கும். அன்றும் பேசினார், சிலிர்த்தது.

மதினி மைக்கைப் பிடித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. மில்லில் சொல்லும் அதே வேகத்தில், மேடைப் பலகையைக் காலால் தட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் ஒரே மூச்சாகச் சொல்லி முடித்துவிட்டார். நடுவில் கைதட்ட இடமே விடவில்லை. கூட்டத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். முதலாளிகூடப் புன்னகையோடு விரலால் தாளம் போட்டார். தலைவர் மைக்கை வாங்கி, "ரயில் வேகமாப் போனா ஊர் பேரு தெரியாதம்மா. கவிதையா, காய்கறி ஏலமான்னு எனக்கு இன்னும் புரியல" என்றார். மண்டபம் சிரித்தது. "வார்த்தை வார்த்தையா, மெதுவா, திருப்பிச் சொல்லு பாப்போம். உள்ள சரக்கு இருக்கான்னு தெரிஞ்சு போகும்." அவமானப்படுத்தத்தான் கேட்டார். மதினி அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நூலு அறுந்தா ஓடி ஓடி முடியச் சொல்லுறீக,
வெரலு அறுந்தா மூச்சுவிடாம மூடச் சொல்லுறீக.
பஞ்சு பறந்தா பெருக்கித் தள்ள ஆளு வைக்கிறீக,
பிஞ்சு வெரலு விழுந்த எடத்தக் கழுவி விடுறீக.
ஆஸ்டல் கதவு நசுக்குச்சுன்னு சாட்சி கேக்குறீக,
கதவுக்குப் பல்லு மொளச்சது எந்தக் கெழமைங்க?

கடைசி வரிக்கு அவர் முதல் வரிசை சோபாவைப் பார்த்தார். முதலாளியின் விரல் நின்றுவிட்டது. மில் பெண்கள் சிலர் பின்னால் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி "ஆகா" என்றாள். கவியரங்கத்தில் அன்று மனதிலிருந்து வந்த ஒரே ஆகா அதுதான். மதினி அதற்கு மரியாதை செய்து, அதே வரியை இன்னொருமுறை சொல்லத் தொடங்கினார். அப்போதுதான் செயலாளர் மைக்கை அணைத்தார்.

மதினி நிறுத்தவில்லை. மில் இரைச்சலுக்கு மேல் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? வாசலில் டீ விநியோகித்தவர் வரைக்கும் கேட்டது. தலைவர் எழுந்து, "இது கவிதை அல்ல, வசவு" என்று தீர்ப்புச் சொன்னார். அறம் பாடியவர்களின் பெருமையை அரை மணி நேரம் பேசிய அதே வாய்! அவர்கள் அரசனுக்கு வாழ்த்துமடலா வாசித்தார்கள்? செத்த அரசனைத் திட்டினால் இலக்கியம், சோபாவில் இருப்பவனைக் கேள்வி கேட்டால் வசவு. புரியாதவரை அவர்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. புரிந்த பிறகுதான் கவிதை இல்லாமல் போனது. இதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ராப் கவிதையா என்று கேட்பவர்களிடம் நான் எதுகையைக் காட்டி வாதாடுவதில்லை. எதுகை பிடிபடாமல் அவர்கள் மைக்கை அணைக்கவில்லை.

மறுநாள் வேன் எங்கள் தெருமுனையில் நிற்கவில்லை. மதினி தூக்குச் சட்டியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டே டிரைவர் ஓட்டிப் போனார். அவர் பாவம், சொன்னதைச் செய்கிறவர். சுற்றுவட்டாரத்து வேறு மில்களும் கைவிரித்தன. கவியரங்கக் கவிதைகளை விழா மலராக அச்சிட்டார்கள். மதினியின் பாட்டு வந்திருக்க வேண்டிய பக்கத்தில் மில்லின் முழுப்பக்க விளம்பரம். அண்ணன் அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். "ஊர் வம்ப வெலைக்கு வாங்குனியே" என்று மதினியைச் சத்தம் போட்டவரும் அவர்தான். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தவரும் அவர்தான். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு யாரும் போகவில்லை. மில்லின் கணக்கில் அது இன்றும் கதவுதான்.

இப்போது மதினி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை ஒன்றில் எடை போடுகிறார். பாட்டை விடவில்லை. பேரம் பேசுகிறவர்களுக்கு அங்கேயே நாலு வரி கிடைக்கும். ஊர்தான் மாறிவிட்டது. இந்த வருட ஆண்டு விழாவுக்கு ராப் போட்டி வைக்கிறார்கள். அழைப்பிதழில் அதே தலைவர், நடுவராக. ராப்பும் கவிதையே, நம் முன்னோர் அன்றே பாடியதுதான் என்று அவர் சொன்னதாகக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நன்கொடை, அதே மில். கொடுத்திருக்கும் தலைப்புகள் தாய்மை, நட்பு, மரம் நடுதல். பல்லைப் பிடுங்கிவிட்டுப் பாம்பை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். போன வாரம் செயலாளர் என் கடைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "பழச மனசுல வச்சுக்கப்படாது தம்பி. மாவட்டத்தோட மொதப் பெண் ராப் கவிஞர்னு ஒங்க மதினிக்கு ஒரு பொன்னாடை போத்தலாம்னு இருக்கோம்" என்றார்.

மார்க்கெட்டுக்குப் போய் மதினியிடம் சொன்னேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தப் பாட்டப் பாடலாமான்னு கேளு அப்பு" என்றார். அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டேன். "அதத் தவிர எதுனாலும் பாடட்டும்" என்றார் செயலாளர். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மதினிக்கும் கேட்டது. பூவைக் கொட்டி, கையை உதறி, போனை என்னிடமிருந்து வாங்கி, அழைப்பை அணைத்துத் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்து, ஒரு எழுத்தும் குறைக்காமல் செயலாளருக்கு அனுப்பினேன்.

"பொன்னாடைய பாலசமுத்திரத்துக்குக் கொண்டு போங்க. அவ வலது கையில சுத்தி விடுங்க. எந்த மெஷின்ல போச்சுன்னு அவ ஊர்க்காரவுக முன்னாடி வார்த்த வார்த்தையாச் சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் நான் வந்து திருப்பிச் சொல்லச் சொல்லுறேன்."

இரண்டு நீலக் குறியும் உடனே விழுந்தன. பதில் இன்னும் வரவில்லை.