மேடைக்கு மேலே எழுந்த புகை

வெர்னாவுக்கும் சிரிலுக்கும் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். ஒஹாயோவின் மேற்குக் கோடியில், ஆகஸ்ட் மாதச் சந்தையில், சர்ச் பெண்கள் போட்ட கடையில் அவள் எலுமிச்சைக் கேக் விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் திடலில் டிராக்டர் இழுப்புப் போட்டி. சிவப்பு டிராக்டர் ஒன்று கக்கிய கரும்புகை காற்றில் சாய்ந்து வந்து வெள்ளைக் க்ரீம் மேல் படிந்தது. கேக்கைத் தூக்கிக்கொண்டு நேரே ஓட்டுநரிடமே போய்விட்டாள்.

"ஏம்ப்பா, இதை இனிமே எவன் வாங்குவான்?"

"நான்தான். கொடு." சிரில் நின்ற இடத்திலேயே, க்ரீமில் படிந்த கரித்தூளோடு பாதியைத் தின்றான். "மிளகு கொஞ்சம் தூக்கல்" என்றான்.

அடுத்த வசந்தத்தில் கல்யாணம். மாடு கறந்தார்கள், சோளம் விதைத்தார்கள், மகள் லியோனாவை வளர்த்தார்கள். கோடை வந்தால் ஊர் ஊராகப் போட்டி. போகப் போக பாரம் ஏறும் வண்டியை டிராக்டர் இழுக்கும்; அதிக தூரம் இழுத்தவருக்குப் பரிசு. வெர்னா வேலியோரம் நின்று புகையைப் பார்ப்பாள். முதலில் தூணாகக் கறுப்பு. எஞ்சினுக்கு மூச்சு பிடித்ததும் வெளுக்கும். வெளுக்காவிட்டால் திணறுகிறது என்று அர்த்தம். "உனக்குப் பதிலா ஒரு புகைபோக்கியைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்றபடியே அவன் சட்டைகளைத் துவைப்பாள்.

அறுபதைத் தாண்டியதும் சிரிலின் நுரையீரல் கைவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். புகைப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

"டிராக்டரை வித்துடலாம் வெர்னா."

"யாரைக் கேட்டு? நான் ஓட்டுறேன்."

"நீயா? கார் ரிவர்ஸ் எடுத்தாலே தபால் பெட்டி சாயுது!"

"அது நின்ன இடம் தப்பு."

கோதுமை அறுத்த வயலில் பழகினாள். சிரிலால் கத்த முடியாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து தொப்பியை ஆட்டுவான். வேகமாக ஆட்டினால் திட்டுகிறான் என்று பொருள்.

சந்தை நாளில் மேற்குக் காற்று. அதனால் புகை வந்து சேராதபடி, அப்பா உட்கார்ந்திருந்த காரை லியோனா மேற்கு மேட்டில், ஆட்டுக் கொட்டகைக்கு அப்பால் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றினாள். பார்வையாளர் மேடை திடலை மறைத்தது. கூரைக்கு மேலே எழும் புகை மட்டும்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் தெரிந்தது.

வெர்னாவின் முறை வந்தது. நெட்டுக்குத்தாகக் கறுப்பு எழுந்தது.

"அவசரப்படாதடி..." சிரில் லியோனாவின் கையைப் பிடித்துக்கொண்டான். புகை வெளுத்தது. "மூச்சு பிடிச்சிடுச்சு! பார்த்தியா உங்கம்மாவை!" உடனே பெரிய கறுப்பு உருண்டை ஒன்று எழுந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. சக்கரம் மண்ணில் சுழன்றுவிட்டது. கடைசிக்கு முந்தின இடம்.

வெர்னா ஓடி வந்து, காருக்குச் சற்றுத் தள்ளியே நின்றாள். முகமெல்லாம் கரி. கண்ணாடிக்குள் சிரில் அழுதுகொண்டிருந்தான்.

"கதவைத் திறக்காதே! மேலெல்லாம் புகை!" என்று கத்தினாள்.

கழிப்பறையில் முகம் கழுவி, மகளின் மாற்றுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்த பிறகே உள்ளே ஏறினாள். சிரில் அவள் தலைமுடியில் மூக்கை வைத்தான்.

"இன்னும் வாசம் இருக்கு."

"தள்ளிப் போய்யா, இருமல் வரும்."

"டாக்டர்கிட்ட சொல்லாதே."

அதன்பின் இரண்டு கோடைகள் சிரில் இருந்தான். இரண்டிலும் அவள் ஓட்டினாள். ஒருமுறை மூன்றாம் இடம்கூட வந்தாள். போட்டி நாள் விடிந்ததும், காபி போடும் முன்பே வாசலுக்கு வந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். இப்போதும் பார்க்கிறாள்.