அபயாம்பாளின் பார்லித் தண்ணீர்

கூடவே இருந்து, பார்த்துக்கொண்டே ஒன்றும் செய்யாமல் நிற்பவரைக் காவல் என்பதா, உடந்தை என்பதா? அபயாம்பாளின் கடைசிக் காலத்தை நினைத்தால் இந்தக் கேள்விதான் மிஞ்சுகிறது.

வடக்கே, வாகட் என்ற புறநகரில் மகன் வாங்கிய ஃபிளாட்டில் அவளும் கணவர் ஜம்புநாதனும் இருந்தார்கள். அவர் பேங்க் மேனேஜராக ஓய்வு பெற்றவர். எதற்கும் அவரிடம் ஒரு முடிவு தயாராக இருக்கும். ஒரு சித்திரையில் சிறுநீரில் ரத்தம் கண்டு, அவரிடம் மட்டும் சொன்னாள்.

"சூடுடீ. இந்த ஊர் வெயில் அப்படி. டாக்டர்ட்ட போனா ஆயிரம் டெஸ்ட் எழுதுவான்."

மறுநாள் முதல் அவரே பார்லி வேகவைத்து, வடிகட்டி, டம்ளரில் கொண்டுவந்தார். ரத்தம் நின்றது.

"பாத்தியா?" என்றார்.

மறுபடி வந்தது. பார்லியோடு வெந்தயமும் சேர்ந்தது. இந்த ரத்தம் வலியில்லாமல் வந்து வந்து போகும் என்பது அவருக்குத் தெரியாது. அது குற்றமில்லை. தெரிந்தவர்போல இருந்தார்.

இரண்டாம் கோடையில் குளியலறையில் மயங்கி விழுந்தாள். மருமகள் வைஜயந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய், நுரையீரல்வரை பரவிவிட்டது.

டாக்டர் ஹிந்தியில் விளக்கியதை வைஜயந்தி தமிழில் தடுமாறிச் சொன்னாள். "அம்மா, நோயை எதிர்க்கற செல்லெல்லாம் கட்டிக்குள்ளயே நிறைய வந்திருக்காம். ஆனா சும்மா நிக்கறதாம். எழுப்பிவிட மருந்து இருக்காம்."

"அவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் சும்மா நிக்கணும்?"

"கட்டி அதுங்களை அடக்கி வெச்சிருக்காம்."

அபயாம்பாள் சிரித்துவிட்டாள்.

வைஜயந்திக்குக் கோபம். "இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தர்ட்டயாவது சொல்லக்கூடாதாம்மா?"

அபயாம்பாள் ஜம்புநாதனைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறப்பாரென்று கொஞ்சம் காத்திருந்தாள்.

"என் தப்புதான்" என்றாள்.

மருந்து ஏற்றினார்கள். சிலருக்கு அந்தச் செல்கள் விழித்துக்கொள்ளுமாம். அவளுக்கு விழிக்கவில்லை. இனிச் செய்வதற்கில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். பார்லி டப்பாவை ஜம்புநாதன் முன்பே யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டிருந்தார்.

மறுநாள் காலை கேட்டாள். "ஏன்னா, என் பார்லி எங்கே?"

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

"போடுங்கோ."

கடைக்குப் போய் வாங்கிவந்தார். கடைசிவரை தினமும் அவர் கையாலேயே போடச் சொல்லி, அவரை எதிரில் உட்காரவைத்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். காலி டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தாள்.